திரை இருண்டால் வருகிறவர்

"கடைசியா என்ன பண்ணே?" என்றார் கலியபெருமாள் மாமா போனில்.

"ஒண்ணும் பண்ணல மாமா. ஆன் பண்ணேன். திரையில ஒண்ணுமே வரல. கறுப்பா இருக்கு," என்றாள் வினோதா.

"ஒண்ணும் பண்ணாம ஒண்ணும் ஆவாதும்மா. நேத்து என்ன பண்ணே?"

"நேத்து ஆயுத பூஜை மாமா. தொடவே இல்ல. துடைச்சு, பொட்டு வச்சு, சாமி முன்னால வச்சதோட சரி."

"ஈரத் துணியா?"

"காஞ்ச துணிதான்."

"பொட்டு வச்சது யாரு?"

"நீங்கதான் மாமா. சுண்டல் சாப்பிட வந்தப்ப."

போனில் மாமா செருமுவது கேட்டது.

"அப்ப அது இல்ல," என்றார் மாமா. "உள்ளதான் என்னமோ ஆயிருக்கு. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத. வீட்ல ரப்பர் இருக்கா?"

"ரப்பரா?"

"பென்சில் அழிக்கிறது. புதுசா இருந்தா நல்லது."

ஐயா, அம்மா, இப்படி ஓர் இனம் இருக்கிறது. திரை இருண்டால் வருகிற இனம். பழைய கம்ப்யூட்டர் உள்ள தெரு ஒவ்வொன்றிலும் இவர் ஒருவராவது குடியிருப்பார். எந்தக் கடையிலும் இவருக்குச் சம்பளம் கிடையாது, எந்தப் பள்ளிக்கூடத்திலும் இவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனால் மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில் இவர் ஸ்குரூடிரைவர் செருகியிருப்பார். மூடியைக் கழற்றாமல் வியாதியின் பெயரைச் சொல்வது இவருக்குப் பாவம். ஒரு டாக்டர் வயிற்றைக் கிழித்துப் பார்த்த பிறகுதான் நாக்கை நீட்டச் சொல்வார் என்றால் அந்தத் தெருப் பக்கமே நீங்கள் போக மாட்டீர்கள். இவரை மட்டும் காபி கொடுத்துக் கூப்பிடுவீர்கள்.

ரெட்டியார்பாளையத்தில் வினோதா வீட்டுத் தெருவுக்கு வாய்த்தவர் கலியபெருமாள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சங்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஏ.சி. அறைக்கு அடுத்த அறையில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அனுபவம் முழுவதும் சுவர் வழியாக வந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள், இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை அது. ரிப்பேர் கடைக்காரர் கடையைப் பூட்டிப் பூசணிக்காய் உடைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். வினோதா வீட்டு ஹாலில் அஞ்சலாட்சி அக்கா உட்கார்ந்திருந்தாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு மீன்காரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிசு என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். அவள் மகள் பூர்ணிமா பிரான்சில் இருக்கிறாள். மாசம் நிறைந்த பிள்ளைத்தாச்சி. அம்மா போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு அஞ்சலாட்சியின் பிறப்பு, கல்யாணக் காகிதங்களைப் பிரெஞ்சில் மாற்றி, டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். நான்கு பக்கம். வினோதா இரண்டு நாள் உட்கார்ந்து அதை முடித்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். அச்செடுப்பதுதான் பாக்கி. காகிதங்களைச் சென்னைக்குக் கொண்டுபோகிற விசா ஏஜென்ட் செல்வகுமார் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். அந்த பஸ்ஸை விட்டால் விசாவுக்கு மனுக் கொடுக்க அடுத்த தேதி ஒரு மாசம் கழித்துத்தான். பிள்ளை அதுவரை காத்திருக்காது.

இப்போது மணி ஒன்பதே முக்கால். திரை கறுப்பு.

கலியபெருமாள் வந்தார். உள்ளே நுழைந்ததும் மானிட்டரைப் பார்த்தாரா? இல்லை. இந்த இனம் திரையைப் பார்ப்பதே கிடையாது. திரை என்பது முகம். முகத்தைப் பார்த்து எடை போடுவது அனுபவமில்லாதவர் வேலை. அவர் நேராகக் குளியலறைக்குப் போய் முத்துவேலின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். முத்துவேல், வினோதாவின் அப்பா, பால் பூத்துக்குப் போயிருந்தார். அவருக்கு எட்டாம் நம்பர் செருப்பு, மாமாவுக்கு ஆறு. ஷாக் அடிக்காமல் இருக்க இது போதும் என்று, படகில் நிற்பவர் மாதிரி இரண்டு செருப்பிலும் ஆடிக்கொண்டே நின்றார்.

"ஆன் பண்ணு," என்றார்.

வினோதா ஆன் செய்தாள். விசிறி சுற்றியது. ஒரு 'பீப்' வந்தது. கொஞ்ச நேரத்தில் வழக்கமான அந்தத் துவக்க இசை, பாதிக் கல்யாண மண்டபம் பாதிக் கோயில் மணி மாதிரி, அழகாகப் பாடி முடிந்தது. மானிட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"பாட்டுப் பாடுதே சார்," என்றாள் அஞ்சலாட்சி. "உசுரு இருக்கு."

"அது போன தடவ போட்ட பாட்டு," என்றார் கலியபெருமாள். "மெமரியில மிச்சம் நின்னது. இப்ப வெளிய வருது."

"பச்சை லைட்டும் எரியுது மாமா," என்றாள் வினோதா.

"அதுதாம்மா பிரச்சினையே. கரண்ட்டு முழுக்க லைட்டுக்குப் போவுது. திரைக்கு எங்க போவும்?"

இதற்குப் பதில் உண்டு. ஆனால் வினோதா அதிகம் பேசாதவள். பிரெஞ்சும் தமிழுமாகப் படித்த பெண். இரண்டு மொழியிலும் 'வேண்டாம்' என்பதற்கு உரிய சொல் தெரியும், இரண்டிலும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் அம்மா வரலட்சுமி காபி கொண்டுவந்து வைத்தாள். காபியைக் குடித்துவிட்டு அந்த டவராவைக் கலியபெருமாள் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஸ்குரூ போட்டு வைப்பதற்கு.

இனி மூடி.

கவனியுங்கள், இது ஒரு சடங்கு. முதலில் ஸ்குரூடிரைவரைச் சட்டையில் ஒருமுறை துடைப்பார். பிறகு பெட்டியின் முதுகைப் பார்த்து மூச்சு விடுவார். பிறகு ஆறு ஸ்குரூவையும் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு தரம் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு டவராவில் போடுவார், டிங் டிங் என்று, ஆறில் ஒன்று உருண்டு பீரோவுக்கு அடியில் போகும், அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், கடைசியில் ஐந்து ஸ்குரூவைத் திருகிவிட்டு, "ஆறாவது சும்மாதான். கம்பெனிக்காரன் அழகுக்குப் போடுறது," என்பார். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்போது எத்தனை ஸ்குரூ இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். அவர் எத்தனை தடவை வந்தார் என்று தெரிந்துவிடும்.

மூடி திறந்தது. உள்ளே தூசி.

"பாத்தீங்களா!" என்றார். புதையல் எடுத்தவர் முகம். "இவ்ளோ தூசிய வச்சுக்கிட்டு எப்படித் தெரியும் படம்?" என்று சொல்லி, வாயைக் குவித்து ஓங்கி ஊதினார். தூசி எழுந்து ஒருமுறை அறையைச் சுற்றிவிட்டு அவர் கண்ணிலேயே வந்து இறங்கியது. வரலட்சுமி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீரைக் கண்ணில் அடித்துக்கொண்டே, "ரப்பர்," என்று கையை நீட்டினார்.

இந்த ரப்பர் விஷயம் தெரியாதவர்களுக்கு: பெட்டிக்குள் ராம் என்று ஒரு பச்சைத் தகடு உண்டு. அதன் கீழ் ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல். அதை உருவி, அந்தப் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினால் சில கம்ப்யூட்டர் நிஜமாகவே பிழைத்துக்கொள்ளும். அப்படிப் பிழைத்த ஒன்றை எப்போதோ பார்த்ததால்தான் இந்த இனமே உண்டாயிற்று. அன்றிலிருந்து எதற்கும் ரப்பர். சத்தம் வராவிட்டால் ரப்பர். பிரிண்டர் காகிதத்தைக் கடித்தால் ரப்பர். கலியபெருமாள் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார், செருகினார்.

"இப்ப போடு."

போட்டாள். பீப். பாட்டு. கறுப்பு.

"நிறுத்து. இப்ப போடு."

பீப். பாட்டு. கறுப்பு.

"நிறுத்து. மெதுவாப் போடு."

சுவிட்சை எப்படி மெதுவாகப் போடுவது? போட்டாள். பீப். பாட்டு. கறுப்பு.

"காலையிலேருந்து இத்தோட ஒம்போது வாட்டி பாடிடுச்சு," என்றாள் அஞ்சலாட்சி. "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. சார், நான் ஒண்ணு கேக்கட்டுமா? மீனு நல்லாருக்கா கெட்டுப் போச்சான்னு பாக்க நாங்க செவுளத் தூக்கித்தான் பாப்போம். எடுத்த எடுப்புலயே குடலையா உருவுவாங்க?"

"மீன் வேற, இது வேறம்மா."

"வேறதான். மீன் பாடாது."

வரலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கலியபெருமாள் அதைக் கவனிக்காதவர் போல வினோதா பக்கம் திரும்பினார்.

"இதுல கடைசியா என்ன டைப் அடிச்சே?"

"பிரெஞ்சு மாமா. இந்த அக்காவோட காகிதம்."

"அதான்!" என்று தொடையில் தட்டினார். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. "பிரெஞ்சுல எழுத்துக்குத் தலைமேல குச்சி இருக்கும், கீழ வாலு இருக்கும். தமிழோ இங்கிலீஷோன்னா வழுக்கிட்டுப் போயிடும். இது குச்சியும் வாலுமாப் போயி மெமரியில மாட்டிக்கும். நாலு பக்கம் சேர்ந்தா அடைப்பு. கை கழுவுற தொட்டி அடைக்கிற மாதிரிதான்."

"மாமா, அப்படியெல்லாம்..."

"பயப்படாத. அடைப்ப எடுத்துடலாம். ஹார்டு டிஸ்கக் கழட்டி நம்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். என் மிஷின்ல மாட்டி சுத்தமா ஃபார்மேட் பண்ணிட்டுக் கொண்டாறேன். பத்து நிமிஷம். புதுசா வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கும்."

ஃபார்மேட் என்றால் என்ன என்று அஞ்சலாட்சிக்குத் தெரியாது. வினோதாவுக்குத் தெரியும். உள்ளே உள்ளது எல்லாம் போய்விடும். குச்சியும் வாலுமாக அந்த நான்கு பக்கமும் போய்விடும்.

"மாமா, அதுல அந்த..."

"ஒண்ணும் ஆவாதும்மா."

"இல்ல மாமா, அந்த ஃபைல் வந்து..."

"ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும். ஓட்டை ஒடசல்தான் போவும்."

இந்த இனத்திடம் பாதி வாக்கியத்தில் நிற்கவே கூடாது. மீதிப் பாதியை அவர்கள் முடித்துவிடுவார்கள், அதற்குள் உங்கள் சொத்து பையில் ஏறியிருக்கும். கலியபெருமாள் குனிந்து ஹார்டு டிஸ்க்கின் ஸ்குரூவை ஒவ்வொன்றாகக் கழற்றினார். டிங். டிங். டிங். நான்காவது வரவில்லை. தலை தேய்ந்த ஸ்குரூ. திருகினார், மூக்கால் மூச்சு விட்டுத் திருகினார், ஸ்குரூடிரைவர் வழுக்கிக்கொண்டு ஓடியதே தவிர ஸ்குரூ அசையவில்லை.

"சின்னது வேணும்," என்று எழுந்தார். "வீட்ல இருக்கு. போயி எடுத்தாறேன். யாரும் தொடாதீங்க. திறந்து கிடக்குது."

எட்டாம் நம்பர் செருப்போடேயே படபடவென்று போய்விட்டார்.

மணி பத்து ஐம்பது. பிரான்சில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், ரெட்டியார்பாளையத்தில் ஒரு தேய்ந்த ஸ்குரூ அவள் அம்மாவின் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உலகம் சில சமயம் இப்படித்தான் நடக்கிறது.

"என்னா பாப்பா, அவரு எடுத்துட்டுப் போனா எழுதினதெல்லாம் இருக்குமா?" என்றாள் அஞ்சலாட்சி. அவள் சிரிப்பெல்லாம் போயிருந்தது.

வினோதா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப ஏன் சும்மா நிக்கிற? செவுளத் தூக்கிப் பாரு."

வினோதா பெட்டியை விட்டுவிட்டு மானிட்டருக்கு முன்னால் வந்தாள். காலையிலிருந்து யாருமே அதன் முன்னால் நிற்கவில்லை. எல்லாரும் பெட்டியையே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா எட்டு வருஷத்துக்கு முன் பழசாகவே வாங்கிய மானிட்டர். முதுகு பெருத்து, மேசையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் நேற்றைய சந்தனமும் குங்குமமும். இந்தக் கன்னத்துக்கு ஒன்று, அந்தக் கன்னத்துக்கு ஒன்று. மாமா ஒன்றையும் விடுகிறவர் இல்லை. விசைப்பலகைக்கு வைத்தார், மவுசுக்கு வைத்தார், பிளக்குக்கும் வைத்தார். கடைசியாக, "தாடையில ஒண்ணு வச்சாத்தான் திருஷ்டி படாது," என்று மானிட்டரின் அடிவிளிம்பில் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தது அவளுக்கு நினைவு வந்தது.

குனிந்து பார்த்தாள். அடிவிளிம்பில், மடிப்புக்குள், இரண்டு சின்னச் சக்கரங்கள். ஒன்று படத்தின் வெளிச்சத்துக்கு, ஒன்று கான்ட்ராஸ்ட் என்கிற நிற அழுத்தத்துக்கு. அப்பா வாங்கிய நாளில் திருப்பி வைத்ததோடு சரி, அப்புறம் யாரும் தொட்டதில்லை. இரண்டு சக்கரத்தின் மேலும் ஒரே நீளமாகச் சந்தனம் அப்பியிருந்தது. அப்பிய விரல் ஓரமாக இழுத்துக்கொண்டே போனதில் சக்கரம் இரண்டும் கடைசிவரை உருண்டு, ராத்திரி முழுக்கக் காய்ந்து, அங்கேயே பிடித்துக்கொண்டுவிட்டன. சந்தனத்தில் கட்டைவிரல் ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிவிட்டு ஆன் செய்தாள். பீப். பாட்டு, பத்தாவது தடவை. கட்டைவிரலைச் சக்கரத்தில் வைத்து, ஸ்டவ் திரியை ஏற்றுவது போல மெல்ல ஏற்றினாள்.

கறுப்பு சாம்பலாயிற்று. சாம்பல் வெளுத்தது. அப்பாவுக்குப் பிடித்த, பனித்துளி உட்கார்ந்த அந்த ரோஜாப்பூ, எங்கும் போகாமல் அங்கேயே பூத்திருந்தது.

"அட!" என்றாள் அஞ்சலாட்சி. "கழுவுன மீனு மாதிரி இருக்குதே!"

ஃபைல் இருந்தது. குச்சி, வால், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பிரிண்டர் முனகியது, யோசித்தது, முதல் பக்கத்தைத் துப்பியது. நான்காம் பக்கம் வந்தபோது மணி பதினொன்று பத்து. அஞ்சலாட்சி நான்கையும் வாங்கி, எண்ணி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டாள். "பேரப்புள்ளைக்கு உன் பேரு வைக்க முடியாது பாப்பா, அங்க அவனுங்க வேற மாதிரி வைப்பானுங்க. ஆனா வெள்ளிக்கிழமைக்கு முன்ன ஒரு வஞ்சிரம் உன் வீட்டு வாசலுக்கு வரும்," என்று சொல்லிவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கலாமா? போன வாரம் டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை. அதைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் மூன்று தட்டுத் தட்டியது யார்? பின் மூடியைக் கழற்றி, பேட்டரி இரண்டையும் கட்டைவிரலால் சும்மா உருட்டிவிட்டு, "இப்ப அமுத்து," என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னது யார்? அந்த மூடி இப்போது எங்கே? ரப்பர் பேண்டு போட்டுத்தானே கட்டி வைத்திருக்கிறீர்கள்? டி.வி.யின் மெயின் சுவிட்ச் போட்டிருந்ததா என்று அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தீர்களா? கோபப்பட வேண்டாம். சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள், அங்கே இருப்பது பேனாவாக இருந்தால் சந்தோஷம்.

சரி, வினோதா வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு ஜோடி.

கலியபெருமாள் முதலில் உள்ளே வந்தார். கையில் சின்ன ஸ்குரூடிரைவர். முகத்தில், பெரிய ஆபரேஷனுக்கு வந்த டாக்டரின் அமைதி. வெளியே யாரிடமோ, "வாங்க வாங்க, இப்பப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திரையைப் பார்த்தார். ரோஜாப்பூ. பனித்துளி. அப்புறம் மானிட்டரின் அடிவிளிம்பில் சுரண்டிய சக்கரங்களைப் பார்த்தார், வினோதாவின் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் மஞ்சளாகச் சந்தனம். அப்புறம் மெதுவாகத் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நேற்றுப் பூசிய சந்தனம் நகத்துக்கடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஏழு வருஷம் சுவர் வழியாகச் சேர்த்த அனுபவம் எல்லாம் அந்த நகத்துக்கடியில் வந்து நின்றது.

வினோதாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த முறை ஒரு முழு வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வினோதா, வெளிய நம்ம புது சம்பந்தி கன்னியப்பன் செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்காரு. கடலூர்லேருந்து பண்டிகைக்கு வந்தவரு. செத்துப்போன மிஷினுக்கு உசுரு குடுக்கிறேன், வந்து பாருங்கன்னு நான்தான் இழுத்துக்கிட்டு வந்துட்டேன். ஒரே ஒரு உதவி பண்ணும்மா. அந்தச் சக்கரத்த மறுபடியும் கீழ இறக்கி வச்சுடு. நான் இந்தப் பக்கம் பெட்டிய மூணு தட்டுத் தட்டுறேன். மூணாவது தட்டுக்கு, நீ அந்தப் பக்கமா நின்னு, யாருக்கும் தெரியாம மெதுவா ஏத்து."